பூட்டிய கடையில் எலிக்கா

அந்தக் கட்டடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடித்தளத்தில், படியிறங்கி இடப்பக்கம் திரும்பினால் கடைசிக் கடை. அங்கே ஹாம்ஸ்டர் விற்றுக்கொண்டிருந்தார். எலிக்கார அக்கா என்று ஆரம்பித்தது, சொல்லிச் சொல்லித் தேய்ந்து எலிக்கா ஆகிவிட்டது. நான் மேலே வாசலையொட்டிச் சாவி வெட்டும் பெட்டிக்கடை வைத்திருப்பவள். என்னை எல்லோரும் ‘சாவி’ என்பார்கள். அதனால் பெயர் விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பொறாமை கிடையாது.

ஹாம்ஸ்டரைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற, பொசுபொசுவென்ற பிராணி. எலி வகைதான், ஆனால் வால் இருக்கவேண்டிய இடத்தில் பென்சில் முனைபோல ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு கன்னத்துக்குள்ளும் பை உண்டு. அந்தப் பை தோள்பட்டை வரை போகும். கிடைத்த விதையையெல்லாம் அதில் திணித்துக்கொண்டு, முகம் இரண்டு மடங்காக வீங்கி, தன் மூலைக்கு ஓடிப்போய்க் கொட்டி வைக்கும். வறண்ட வெட்டவெளிகளில் மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழ்கிற இனமாம். படுக்க ஓர் அறை, தானியம் வைக்க ஓர் அறை, ஒதுங்க ஓர் அறை.

“நமக்கு மேல வசதி,” என்பார் எலிக்கா.

அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அவருக்கென்று ஓர் அறையும் இருந்ததில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் கடைசிப் பிள்ளை. அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அண்ணனுக்கும் அக்காவுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது, இவருக்கு ஆகவில்லை. நீதானே வீட்டில் இருக்கிறாய் என்று அப்பாவை இவர் கையில் விட்டார்கள். அப்பா கண்ணை மூடிய பிறகு நிமிர்ந்து பார்த்தால் தலை பாதி நரைத்திருந்தது. இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். ஒரு வாரம் அண்ணன் வீடு, ஒரு வாரம் அக்கா வீடு என்று ஏற்பாடானது. யார் செய்த ஏற்பாடு என்று அவருக்கே நினைவில்லை. அண்ணன் வீட்டில் கூடத்து சோபாவுக்குப் பின்னால் படுக்கை. அக்கா வீட்டில் துணி உலர்த்தும் கொடிகளுக்குக் கீழே. துணிமணி எல்லாம் ஒரு பையில். சனிக்கிழமை தோறும் அந்தப் பையோடு கடைக்கு வந்து, மாலையில் மற்ற வீட்டுக்குப் போவார்.

யாரும் அவரைக் கொடுமை செய்யவில்லை. செய்திருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். சாப்பிட்டு உட்கார்ந்தால், கொஞ்சம் குழந்தையைப் பார்த்துக்கொள், கொஞ்சம் கீரையை ஆய்ந்து கொடு என்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எல்லாம்.

கடையில் பகலெல்லாம் ஹாம்ஸ்டர்கள் தூங்கும். வருகிறவர்கள் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார்கள்.

“உயிரோட இருக்கா இது?”

“தூங்குதுங்க.”

“எப்ப முழிக்கும்?”

“நான் வீட்டுக்குப் போனப்புறம்.”

அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. அத்தனை வருடத்தில் அவை தூங்குவதைத்தான் அவர் அதிகம் பார்த்திருக்கிறார். காலையில் வரும்போது சக்கரங்களுக்கு அடியில் மரத்தூள் சிதறிக் கிடக்கும், தண்ணீர்ப் புட்டி பாதி காலியாகியிருக்கும், ராத்திரி வைத்த விதை இடம் மாறியிருக்கும். யாரோ குடியிருந்துவிட்டுப் போன வீட்டைப் பெருக்குவதுபோலப் பெருக்குவார். வளர்ந்ததைத் தனித்தனிக் கூண்டில்தான் வைக்கவேண்டும். குட்டியில் ஒன்றாகப் படுத்துக் கிடந்தவைகூட, வளர்ந்தபின் ஒரே கூண்டில் போட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடும். இணை சேர மட்டும் கொஞ்ச நேரம் ஒன்றாக விட்டு, உடனே பிரித்துவிட வேண்டும். ஜோடியாகக் கேட்கிறவர்களிடம் அவர் இதைச் சொல்வார். பாவம், தனியாக இருந்தால் ஏங்கிப் போகாதா என்பார்கள். “இது ஏங்காதுங்க. பக்கத்துல ஆள் வந்தாதான் இதுக்கு ஏக்கம்,” என்பார்.

அந்தக் குளிர்காலத்தில் விடுமுறை நாட்களை ஒட்டி, கட்டடம் முழுவதும் மின்கம்பி மாற்றப்போகிறோம், சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லோரும் மூடிவிட்டுப் போகவேண்டும் என்று அறிவித்தார்கள். எலிக்காவின் முதலாளி குடும்பத்தோடு வெளியூர் கிளம்பிவிட்டார். கூண்டுகளில் தாராளமாகத் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போகும்படி இவரிடம் சொன்னார். நானும் என் பெட்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். படிக்கட்டருகே பையோடு நின்றிருந்தவர், “நீ போ, நான் கூண்டைக் கழுவிட்டு வர்றேன். இத்தனை நாளைக்கு அழுக்கோட விட்டா நாறிடும்,” என்றார்.

வாடிக்கையாளர் யாரும் நுழைந்துவிடக்கூடாதே என்று அவரே ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, பின்னறைத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுத் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். காவலாளி எல்லாக் கடைகளையும் பார்த்துக்கொண்டே வந்தவர், பாதி இறங்கிய ஷட்டரைக் கண்டு குரல் கொடுத்திருக்கிறார். குழாய்ச் சத்தத்தில் கேட்கவில்லை. முதலாளி மறந்துவிட்டார் என்று நினைத்து முழுக்க இழுத்து, நாதாங்கியில் கட்டடத்துப் பூட்டு ஒன்றையும் மாட்டிவிட்டுப் போய்விட்டார். நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான்.

எலிக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது முன்புறம் இருட்டாக இருந்தது. ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. தட்டினார், கூப்பிட்டார். அடித்தளத்தில் போனுக்கு எப்போதும் சிக்னல் கிடையாது. பேசவேண்டுமென்றால் படிக்கட்டுக்குத்தான் வருவார். கூண்டுகளுக்கிடையே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூலைமூலையாக நடந்தார். பின்னறையில் கைக்கெட்டாத உயரத்தில் காற்றுப்போக்கி ஒன்று இருந்தது. முக்காலிமேல் ஏறி அதனிடமும் கத்திப் பார்த்தார். பிறகு மின்சாரம் போயிற்று.

“அப்ப பயம் வந்துச்சா?” என்று பின்னால் ஒருநாள் கேட்டேன்.

“வரல. தேடி வருவாங்கன்னு இருந்தேன்,” என்றார்.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போகவேண்டிய முறை. போய்ச் சேராவிட்டால் அக்கா அண்ணனைக் கேட்பார், அண்ணன் கடைக்கு ஆளை அனுப்புவார். அதிகம் போனால் விடிவதற்குள் வந்துவிடுவார்கள். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு பையிலிருந்த போர்வையை எடுத்துச் சுற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். போனின் வெளிச்சத்தை வீணாக்கக்கூடாது என்று அணைத்து வைத்தார்.

ஜன்னல் இல்லாத இடத்தில் பொழுது போவது தெரியாது. முதலில் மரத்தூள் சரசரக்கிற சத்தம் ஒரு கூண்டில் கேட்டது. அப்புறம் பக்கத்துக் கூண்டில். தண்ணீர்ப் புட்டியின் மணியை நாக்கு தட்டும் ‘டிக் டிக்’. பிறகு ஒரு சக்கரம் சுழல ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கடை முழுக்கச் சக்கரங்கள். மேலே வெயில் இறங்கிவிட்டது என்று அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். பகலில் பஞ்சுருண்டையாகக் கிடப்பவை ஒவ்வொன்றும் வேலையில் இருந்தன. ஒன்று மரத்தூளைப் பின்னங்காலால் தள்ளிச் சுரங்கம் தோண்டியது. ஒன்று விலாவைச் சுவரில் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையை வைத்துக்கொண்டு போனது. கண் பார்வை மந்தம் என்பதால் அவற்றுக்கு வாசனைதான் முகவரி. கிழ ஆண் ஒன்று, அவர் அன்று காலையில் வைத்த சூரியகாந்தி விதை முழுவதையும் கன்னத்தில் அடைத்துக்கொண்டு, நுழையமுடியாமல் கூண்டுக்குள்ளிருந்த மரவீட்டு வாசலில் சிக்கி, பின்வாங்கி, பாதியைத் துப்பிவிட்டு மறுபடி முயன்றது. சாம்பல்நிறப் பெண் ஒன்று கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தது. பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்க்கத்தான் கடிக்கிறது என்று வாடிக்கையாளர்களிடம் அவர் சொல்வது வழக்கம். ஒரே இடத்தை, ஒரே கம்பியை அது விடாமல் கடிப்பதைக் கிட்டேயிருந்து கேட்டபோது அந்தப் பதில் அவருக்கே போதவில்லை. அதற்கு இன்னும் கொஞ்சம் மரத்தூளும் ஒரு அட்டைக் குழாயும் போட்டுப் பார்த்தார். குழாயைப் பிய்ப்பதில் இறங்கிவிட்டது. சற்று நேரத்துக்குக் கம்பிச் சத்தம் நின்றது.

சக்கரங்கள் ஓய்ந்தன. விடிந்துவிட்டது என்று அர்த்தம். யாரும் வரவில்லை.

பசித்தபோது மூட்டையிலிருந்து விதைகளை அள்ளி உரித்துத் தின்றார், கேரட் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. கழிப்பறை வெளியே நடைவழியில். பின்னறை மூலையில் ஒரு வாளியில் மரத்தூளைக் கொட்டி வைத்துக்கொண்டார். இதை என்னிடம் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டு, “அதுங்களும் ஒரே மூலையிலதான் போகும். சுத்தம்,” என்றார்.

சத்தம் கேட்கிறதா என்று ஷட்டரில் காதை வைத்துக்கொண்டே பகல் முழுவதும் இருந்தார். குளிர் தரையிலிருந்து ஏறியது. சூடேற்றியும் மின்சாரத்தோடு போய்விட்டிருந்தது. பையில் இருந்த துணியையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டார். எல்லாக் கூண்டுக்கும் காகிதம் கிழித்துப் போட்டார். அவை உடனே எழுந்து அதைக் கன்னத்தில் அள்ளிக்கொண்டுபோய்ப் படுக்கை கட்டிக்கொண்டன.

ஷட்டரை ஒட்டியிருந்த கூண்டில், அந்தக் கிழ ஆண் மட்டும் எழவில்லை. எடுத்துப் பார்த்தார். ஐஸ்போல இருந்தது. கால் விறைத்திருந்தது. மூச்சு இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் இவை வாழ்வது அபூர்வம். அது வாங்குவாரில்லாமல் கடையிலேயே கிழடாகிவிட்ட ஜீவன். ஒரு டப்பாவில் காகிதம் விரித்துக் கிடத்தி மூடினார். மூடியபின், முதல்முறையாக, உட்கார்ந்து அழுதிருக்கிறார். எதற்கு என்று தெரியாமல் அழுதேன் என்றார்.

அழுது முடித்ததும் டப்பாவைத் தன் மடியில் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, கீழே வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு நேரமோ. டப்பாவுக்குள் எதுவோ கீறியது. திறந்தால் அது மீசை துடிக்க, உடம்பு வெடவெடக்கப் படுத்திருந்தது. கடுங்குளிரில் இவை சிலசமயம் உடம்பை விளக்குபோல அணைத்து வைத்துவிடும், மூச்சே தெரியாது, மெல்லச் சூடேற்றினால் திரும்பிவரும் என்பது பிற்பாடு கால்நடை மருத்துவர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அதற்கு முன் எத்தனை குளிர்காலத்தில் எத்தனையைக் குப்பையில் போட்டிருப்பேனோ என்று அடிக்கடி சொல்வார். அந்த நேரத்தில் ஒன்றும் யோசிக்கவில்லை. அதை எடுத்து சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஷட்டர் பக்கத்துக் கூண்டுகளை ஒவ்வொன்றாகப் பின்னறைக்கு இழுத்துப் போனார்.

அப்படி இழுத்ததில்தான் அடுத்தது நடந்தது. ஒரு பெண் அந்த வாரம் குட்டி போட்டிருந்தது. நகத்தளவில், சிவப்பாக, கண் திறக்காத குட்டிகள். தாய் மிரண்டால் குட்டிகளைத் தின்றுவிடும் என்பதால் அந்தக் கூண்டைத் தொடாமல்தான் இதுவரை வைத்திருந்தார். குளிரில் விட்டாலும் சாகும், நகர்த்தினாலும் ஆபத்து. நகர்த்தினார். இறக்கி வைத்ததும் தாய் வெளியே வந்து ஒரு குட்டியை வாயில் போட்டுக்கொண்டது. இன்னொன்றையும். இன்னொன்றையும். எலிக்கா வெளிச்சத்தை அணைத்துவிட்டார். பார்க்க முடியவில்லை. இருட்டில் அவை கீச்சிடுவது மட்டும் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மறுபடி சக்கரங்கள் சுற்ற, அப்போதுதான் தைரியம் வந்து பார்த்தார். கூண்டின் கடைசி மூலையில் புதிதாகக் காகிதக் குவியல். கன்னம் புடைத்த தாய், உள்ளேயிருந்து ஒரு குட்டியைப் பாதத்தால் தள்ளி வெளியே எடுத்து வைத்தது. பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் வைத்துவிட்டு மேலே படுத்துக்கொண்டது.

“நான் கொன்னுட்டேன்னு நெனச்சேன் சாவி. அது வீடு மாத்தியிருக்கு.”

இரண்டாவது முறையும் சக்கரங்கள் ஓய்ந்தன. அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்திருக்கிறது: யாரும் தேடவில்லை. வழி தெரியாமல் திண்டாடிக்கொண்டிருக்கவில்லை, தேடவே இல்லை. தொண்டை போய்விட்டதால் ஒரு இரும்புத் தட்டை எடுத்து ஷட்டரில் அடிக்க ஆரம்பித்தார். கை ஓய்ந்தால் நிறுத்துவார், பிறகு அடிப்பார்.

வேலை மறுநாள்தான் தொடங்குவதாக இருந்தது. மின்பணியாளர் அளவெடுக்க வந்தவர் சத்தத்தைக் கேட்டுக் கீழே இறங்கியிருக்கிறார்.

“யாரு உள்ள?”

“நான்தான்.”

“நான்தான்னா யாரு?”

 “எலிக் கடை,” என்று உள்ளேயிருந்து பதில் வந்ததாம்.

காவலாளி கடைப் பூட்டுகளின் சாவிக்கொத்தோடு ஊருக்குப் போயிருந்தார். மின்பணியாளர் என் கடைப் பலகையில் இருந்த எண்ணைப் பார்த்து எனக்குப் போன் செய்தார். நான் போய்ப் பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கியபோது, ஐந்தாறு உடுப்புகளை ஒன்றாகப் போட்டு, தலையில் மரத்தூளோடு அவர் நின்றிருந்தார். ஒரு கை சட்டை முன்பக்கத்தைப் பொத்திப் பிடித்திருந்தது. வாசனையைப் பற்றி நானும் சொல்லவில்லை, மின்பணியாளரும் சொல்லவில்லை.

“மேல சூடா ஏதாவது கிடைக்குமா? எனக்கில்ல, இதுங்களுக்கு,” என்றார்.

மின்பணியாளர் எங்கிருந்தோ ஒரு கம்பியை இழுத்துச் சூடேற்றியை ஓடவிட்டார். சட்டைக்குள் இருந்த கிழ ஆணை அதனருகே கூண்டில் விட்ட பிறகுதான் எலிக்கா படியேறி வந்தார். வெளிச்சத்தில் கண் கூச, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாடகைக் காரைப் பிடித்தேன்.

“எங்க போகணும்?” என்றார் ஓட்டுநர்.

நான் எலிக்காவைப் பார்த்தேன். அவர் யோசித்தார். அவ்வளவு சின்னக் கேள்விக்கு ஒருவர் அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை.

“இந்த வாரம் அக்கா வீடு,” என்றார் கடைசியில்.

அக்காதான் கதவைத் திறந்தார். கையில் கரண்டி. தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன, அண்ணி அனுப்பிட்டாளா? லீவு முடியற வரைக்கும் குழந்தைங்களோட அங்கதான் இருப்பேன்னு நெனச்சேன். சொல்லிட்டு வரக்கூடாதா?”

எலிக்கா, “ம்,” என்று செருப்பைக் கழற்றினார். சொல்லாமலேயே உள்ளே போயிருப்பார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கேயிருந்து வருகிறார் என்று சொன்னேன். எத்தனை ராத்திரி என்றும் சொன்னேன். அக்கா அப்படியே செருப்பு வைக்கும் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு போன் வந்தது, போனது. உன்கிட்ட இருக்கான்னு நான் நெனச்சேன், உன் முறைதானே, நீ கேட்டிருக்கக்கூடாதா, நீ ஏன் கேக்கல. அண்ணன் ஸ்பீக்கரில் கத்த, அண்ணி பின்னாலிருந்து திருத்த, அக்கா அழுதுகொண்டே பதிலுக்குக் கத்தினார். எலிக்கா குளித்து, தலை துவட்டி, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தபோதும் அது முடியவில்லை. அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் கருகிக்கொண்டிருந்ததைக் கிளறினார்.

அதற்குப் பின் அவர்கள் மாறிவிட்டார்கள். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. மாலையானால் இரண்டு வீட்டிலிருந்தும் போன். எங்க இருக்க, கிளம்பிட்டியா, யாரோட வர்ற. கடையில் சிக்னல் இல்லாததால் மணிக்கொருமுறை படியேறி வந்து பதில் சொல்லவேண்டும். அண்ணி என் கடை எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டு, “அவ வெளிய வர்றத நீ பாத்தியாம்மா?” என்று கேட்பார். எலிக்கா என் பெட்டியருகே நின்று, “இருக்கேன், இருக்கேன்,” என்று போனில் சொல்வதைத் தினமும் கேட்டிருக்கிறேன். முன்பு ஆள் இருக்கிறதா என்று பார்க்க நாதியில்லை. இப்போது மூச்சு விடுவதற்கும் கணக்குச் சொல்லவேண்டியிருந்தது. இளைத்துப் போனார்.

கட்டடத்து வேலை முடிந்தபின் முதலாளிக்கு அந்த அடித்தளம் வேண்டாமென்று ஆகிவிட்டது. ஊருக்கு வெளியே, பழைய கிடங்கு ஒன்றில் ஹாம்ஸ்டர்களை வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அவை விழித்திருக்கும் நேரத்தில் கூட இருக்க ஆள் வேண்டும், கிடங்கை ஒட்டி ஓர் அறையும் அடுப்பும் உண்டு, யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று எலிக்காவிடமே விசாரித்தார்.

“நான் போறேன்,” என்றார் எலிக்கா.

அண்ணன் நேரில் வந்தார். அக்காவும் வந்தார். என் கடையை மறித்துக்கொண்டுதான் அந்தப் பேச்சு நடந்தது. நாங்கள் என்ன குறை வைத்தோம், ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் ஆன பிறகு அண்ணன் குரலைத் தாழ்த்தி, “தனியா எப்படி இருப்ப?” என்றார்.

“இருந்து பாத்துட்டேன்,” என்றார் எலிக்கா.

போன பிறகு எல்லாம் நன்றாகிவிட்டது என்று சொன்னால் பொய். கதவைச் சாத்தினால் நெஞ்சு அடைக்கிறது என்று, அந்தக் குளிரிலும் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். சாலையில் லாரி போனால் எழுந்து வெளியே வந்து நின்றுவிட்டுப் போவார். நான் ஒரு தாழ்ப்பாள் செய்து கொண்டுபோனேன், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி. அதை மாட்டச் சொல்லிவிட்டு, பத்துமுறை திறந்து மூடிப் பார்த்தார். ஆனாலும் செங்கல்லை எடுக்கவில்லை.

கோடை தொடங்கிய பிறகு ஒருநாள் நான் போயிருந்தபோது அக்கா வந்திருந்தார். தங்கைக்கு ஏதோ பலகாரம் கொடுக்க வந்தவர், அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலில் ஒரு துண்டு. பார்க்க அவ்வளவுதான் இருந்தது. கட்டிலில் கொஞ்சம் உட்காருகிறேன் என்று உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார். நானும் எலிக்காவும் வெளியே வந்து, கிடங்கின் நிழலில், கவிழ்த்துப் போட்ட கூடைகள்மேல் உட்கார்ந்தோம். உள்ளே அக்காவின் போன் அடித்தது, அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது.

“அத்தான்தான். சாப்பாடு எங்க இருக்குன்னு கேப்பாரு,” என்றார் எலிக்கா. எழுந்து போய் அதை எடுத்து, சத்தத்தைக் குறைத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

வெயில் சாய்ந்த பிறகுதான் அக்கா எழுந்தார். பதறிப்போய்த் தலையை அள்ளி முடிந்துகொண்டு வாசலுக்கு வந்தார். கிடங்கைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டு அப்படியே நின்றார்.

“இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேனே,” என்றார்.

எலிக்கா உள்ளே போய் இன்னும் ஒரு ஆளுக்கு அரிசியைக் களைந்து போட்டார்.